இரண்டாவது பெற்றரி

கல்முனை
செப்டம்பர் 12, சனிக்கிழமை

அன்புள்ள ஜெமீல் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் இடது காலில் ஒரு விரலை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்கு நீங்களும் காரணம்.

இதை வட்ஸ்அப்பில் சொன்னால் அழுகிற முகம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் அறைக் கூட்டாளி லீவு முடிந்து திங்கட்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் பஸ்ஸை நீங்கள் ஒரே ஒரு தடவைதான் பார்த்தீர்கள், நம் நிக்காஹ் முடிந்த மறுநாள். எங்களுக்கு இருந்த ஒரே வீடு மூத்தவள் சுல்பிகா ராத்தாவுக்குச் சீதனமாகப் போன பிறகு வாப்பா வாங்கிய பழைய பஸ் அது. சீற்றுகளைக் கழற்றி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, பிரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக்கினார். நெல் வெட்டும் மிசின்கள் எந்த வயல் வட்டைக்குப் போகின்றனவோ அந்த வட்டைக்கு வாப்பா, உம்மா, நான் மூவரும் போவோம். மிசின் பழுதானால் வாப்பா திருத்துவார். பஸ் பழுதானால் நான் திருத்துவேன். மாமி இதை நாடோடிப் பிழைப்பு என்று சொல்லித் திரிவது எங்கள் காதுக்கும் வந்தது. எங்களுக்கு இது சோறு. எனக்குச் சீதனமாக வாப்பா ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வீடும் இதில்தான் எழும்புகிறது.

இந்தச் சிறுபோக அறுவடைக்குச் சம்மாந்துறையில் தொடங்கிப் பொலன்னறுவை வரை போனோம். அங்கேதான் பிரிட்ஜ் படுத்தது. காலையில் திறந்தால் உள்ளே இருந்த தண்ணீர்ப் போத்தலும் வெளியே இருந்ததும் ஒரே சூடு. அந்தப் பிரிட்ஜில்தான் வாப்பாவின் சீனி வருத்தத்துக்கான இன்சுலின் இருந்தது.

கூரையில் இருக்கும் சோலார் தகட்டிலிருந்து வருகிற கரண்ட் படுக்கைக்குக் கீழே இரண்டு பெற்றரிகளில் சேரும். வெயில் இறங்கிய பிறகு பிரிட்ஜ் அதில்தான் ஓடும். தகட்டில் வைக்கோல் தூசி அப்பியிருந்தது. அதுதான் காரணம் என்று ஏறிக் கழுவினேன். அடுத்த நாளும் சூடு. பியூசைப் பார்த்தேன். பெற்றரி முனைகளில் பூத்திருந்த பச்சையை அப்பச்சோடா கலந்த சுடுதண்ணீரால் கழுவி கிறீஸ் பூசினேன். வயரை அடி முதல் நுனி வரை கையால் தடவிப் பார்த்தேன். இதற்குள் தண்ணீர்ப் பம்பும் காற்றை இழுத்துக் கத்தத் தொடங்கியது. அதன் வடியில் ஒரு பிடி மணல். அதற்கு ஒரு நாள் போனது. பெண்பிள்ளை பஸ்ஸுக்கு மேலே நிற்கிறாள் என்று வட்டையில் நின்றவர்களுக்குச் சிரிப்பு. மிசின் சொந்தக்காரர் மீராசா காக்கா மட்டும், இந்தப் புள்ளையைக் குசினிக்குள்ள அடைக்காம எனக்கு மெக்கானிக்கா விடுங்க என்று வாப்பாவைச் சீண்டினார்.

வாப்பா ஒவ்வொரு நாளும் ஒன்றைத்தான் சொன்னார். வெயில் காணாதாம், நாளைக்குச் சரியாகுமாம். ஓகஸ்ட் மாதப் பொலன்னறுவையில் வெயில் காணாதாம்! நான் பத்து நாள் நம்பினேன். இது என் பிழை. இதை உங்கள் தலையில் போடவில்லை.

பதினோராம் நாள் இரண்டு பெற்றரிகளையும் பிரித்து, தனித்தனியாக மீற்றர் வைத்தேன். ஒன்று பன்னிரண்டரையில் நின்றது. மற்றது ஒரு மணித்தியாலத்தில் ஒன்பதுக்கு இறங்கியது. நல்ல பெற்றரியில் சேர்ந்ததையும் அந்தச் செத்த பெற்றரிதான் உறிஞ்சியிருக்கிறது. வெளியே இழுத்தேன். அது எங்களுடையதே இல்லை. இனி உதவாது என்று போன போகத்தில் மீராசா காக்காவின் மிசினிலிருந்து நானே கழற்றிப் போட்டது. வெள்ளைப் பெயின்றால் நான் போட்ட புள்ளடிக் குறி அப்படியே இருந்தது.

வாப்பாவிடம் போய்க் கேட்டேன். எங்கள் பெற்றரியை விற்றுவிட்டு, நான் காணாமல் அந்த இடத்தில் இதை வைத்திருக்கிறார். மிசினுக்குள் தலையை விட்டபடியே சொன்னார்:

"உன்ட ஊட்டுக்கு ஜன்னல் வேணும்தானே மகள்."

அன்றுதான் தன் இடது காலையும் காட்டினார். மிசின் தகடு கிழித்த காயம். துணியைச் சுற்றிச் சப்பாத்துக்குள் மறைத்திருந்தார். விரல் கறுத்துப்போயிருந்தது. அவர் தினமும் குத்தியது சூட்டில் கெட்டுப்போன மருந்து. மீராசா காக்கா மிசினை நிறுத்திவிட்டு பஸ்ஸை ஓட்டி எங்களை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். உம்மா வழி முழுக்க அந்தக் காலை மடியில் தூக்கி வைத்திருந்தார்.

ஜன்னலை நீங்கள் கேட்கவில்லை என்பது தெரியும். நீங்கள் கேட்டது மாடி, மேல்தட்டு. தட்டு இல்லாத வீட்டுக்கு என் மகன் வரமாட்டான் என்று மாமி வந்து சொன்னார். உங்களிடம் கேட்டேன். உம்மா சொல்றபடி செய்யுங்க, பஸ்ஸை வித்தா தட்டு போடலாம்தானே என்று எழுதினீர்கள். அதை வாப்பா என் போனில் வாசித்தார். ஜன்னலுக்கு வைத்திருந்த காசைத் தட்டுக்கு ஒதுக்கிவிட்டார். அதற்கு அடுத்த கிழமைதான் பெற்றரி போயிருக்கிறது.

இப்போது பஸ்ஸும் போகப்போகிறது. வருகிற வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் வருகிறார். வாப்பா ராத்தா வீட்டுக் கட்டிலில் கிடந்தபடியே போனில் கதைத்து முடித்துவிட்டார். பஸ் இல்லாமல், இந்தக் காலோடு, அவர் எந்த வட்டைக்குப் போவார்? வாப்பாவையும் உம்மாவையும் நம் வீட்டுக் குசினிக்குப் பின்னால் ஒரு அறை இறக்கி அதில் வைக்கலாம் என்று மாமி யோசனை சொல்லியிருக்கிறார். இரண்டு மகள்களுக்கு வீடு கட்டிய மனிதனுக்குக் குசினிக்குப் பின்னால் ஓர் அறை.

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் உங்களை எனக்குத் தெரியும். எட்டுப் பேர் படுக்கிற அறையில் மேல் கட்டில் உங்களுடையது. பகல் முழுக்க அடுத்தவர்களின் ஏசியைத் திருத்துகிறீர்கள், உங்கள் அறை ஏசி வேலை செய்வதில்லை. உங்கள் தங்கச்சிக்குச் சீதன வீடு கட்டத்தான் போனீர்கள். அந்த வீட்டில் நீங்கள் ஒரு நாளும் இருக்கப்போவதில்லை. நம் ஊர் ஆண்கள் தாங்கள் இருக்காத வீடுகளைக் கட்டிக் கட்டியே தேய்கிறார்கள். வாப்பாவுக்கு விரல் போனது. உங்களுக்கு என்ன போகும் என்று நினைத்து எனக்கு நித்திரை வருவதில்லை.

செத்த பெற்றரியைக் கழற்றி எறிந்துவிட்டேன். பஸ் ராத்தாவின் வீட்டு வளவில் நிற்கிறது. விளக்கும் பானும் போடாமல் ஒற்றைப் பெற்றரியில் பிரிட்ஜை ஓட்டுகிறேன். புது மருந்து குளிரில் இருக்கிறது. கீழ் இரண்டு அறைக்குத் தகரம் போட்டால் போதும், நானும் என் மாப்பிள்ளையும் அதில் வாழ்வோம் என்று வாப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். உம்மாவும் சொன்னார். கேட்கவில்லை. மாப்பிள்ளை தன் வாயால் சொன்னால் மட்டும்தான் கேட்பார்.

அல்லாஹ் உங்களைச் சுகத்தோடு வைத்திருக்கட்டும். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். வெள்ளிக்கு முன்னர் வாப்பாவுக்குக் கோல் எடுங்கள். மெசேஜ் வேண்டாம். பஸ்ஸை விற்க வேண்டாம், தட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். போன் அவர் தலைமாட்டில்தான் இருக்கிறது.

உங்கள் மனைவி,
நுஸ்ஹா