எலும்பில்லாத ஃபிலிம்

ஜெலட்டின் இல்லாமல் ஃபிலிம் செய்துவிட முடியும் என்று நீ நிஜமாகவே நம்பினாயா? இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி விழுப்புரம் வரவேண்டும் என்பதற்காகவே அந்த வேலையை முடிக்காமல் வைத்திருந்தாயா? உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்கவில்லை. விடை எனக்குத் தெரியாது. ஊகித்து எழுதுவதும் எனக்குப் பழக்கமில்லை.

இதை எழுதும் மேசையில் உன் எவர்சில்வர் இடியாப்ப அச்சு இருக்கிறது. போன வாரம் உன் வீட்டுக்காரர் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். சமையலுக்கு ஆகாது என்பதற்காக நீ சிவப்பு நகப்பூச்சால் பிடியில் போட்ட பெருக்கல் குறி அழியாமல் இருக்கிறது. அவர் போனபிறகு முகர்ந்து பார்த்தேன். எந்த வாடையும் இல்லை. அவ்வளவு நன்றாகக் கழுவி வைத்திருந்திருக்கிறாய்.

பையோடு ஒரு வேண்டுகோளையும் கொண்டுவந்திருந்தார். "வர்ற ஞாயித்துக்கெழமை அவளுக்கு மொத வருஷம் மேடம். நம்ம வழக்கப்படி சோறு போடறோம். அவ ஃபிலிம்ல ஒரே ஒரு படம் எடுத்துக் குடுத்துடுங்க. கூடத்துல மாட்டி வெச்சுக்கறேன்."

"அவ பண்ண ஃபிலிம் ஒருதடவைகூட ஒழுங்கா நின்னதில்லீங்களே."

"நீங்க பண்ணது நின்னுச்சில்ல? எதுல பண்ணாலும் செரி மேடம். பாக்கறவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?"

இந்த வாரம் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் இருந்தேன்.

நாம் பி.எஸ்சி.யில் ஒரே பெஞ்ச். பிறகு நீ எக்ஸ்ரே டிப்ளமோவுக்குப் போனாய். நான் வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம்வரை படித்துவிட்டு ஒரு கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன். உன் ஸ்கேன் சென்டரில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறி, இருட்டறையில் சாமான் போட ஆரம்பித்தபோது நீ எனக்கு போன் செய்தாய். "கை சும்மா இருக்கமாட்டேங்குதுடி. வீட்லயே ஃபிலிம் பண்ணலாமா?" அதற்குள் பழைய ஜெராக்ஸ் மெஷினின் லென்ஸைப் பிளைவுட் பெட்டியில் பொருத்தி ஒரு கேமராவே செய்து வைத்திருந்தாய். பொழுதுபோக்குக்கு ஃபிலிம் செய்கிறவர்கள் உலகத்தில் அங்கங்கே இருக்கிறார்கள், பெரும்பாலும் தோற்கிறார்கள் என்று நான் படித்துச் சொன்னேன். "நாமளும் தோத்துட்டுப் போவோம், இன்னா இப்போ?" என்றாய்.

முதல் ஞாயிறே நீ கேட்டாய்: "இந்த வெள்ளியைப் பிளாஸ்டிக் மேல புடிச்சிக்கினு இருக்கறது எது?"

"ஜெலட்டின்."

"அதுன்னா?"

"மாட்டு எலும்பு, தோல். வேகவெச்சு எடுக்கறது."

உன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உன்னுடையது சன்மார்க்கக் குடும்பம். முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்துவாய், பட்டு கட்டமாட்டாய், செருப்பில்கூடத் தோல் இருக்கக்கூடாது. உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாய். "அப்போ இத்தினி வருஷமா நான் கையில புடிச்சதெல்லாம்?" அடுத்த ஞாயிறு நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறையிலிருந்து கத்தினாய்: "கடல்பாசியில பண்ணா இன்னாடி? அதுவும் உறையுதில்ல?"

பாயசத்தில் போடும் கடல்பாசியில் ஃபிலிம் வராது என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் சொன்னேன். ஜெலட்டின் வெறும் பசை மட்டும் இல்லை, வெள்ளி உப்பின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். பாசிக்கு அந்தத் திறமை போதாது, காய்ந்தால் சுருங்கி உரிந்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கறி துன்றவ நீ, அப்படித்தான் சொல்லுவ," என்று அடுப்பைப் பற்றவைத்தாய்.

நாம் அந்தக் கலவையைக் குழம்பு என்றே சொல்லிக்கொண்டோம். குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, சிவப்பு பல்பின் கீழே சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கலக்குவோம். உறைந்ததும் இடியாப்பமாகப் பிழிந்து குளிர்ந்த தண்ணீரில் அலசவேண்டும், வேண்டாத உப்பெல்லாம் போவதற்காக. முதல்முறை உன் மாமியாரின் பித்தளை அச்சில் பிழிந்தோம். வெளிச்சமே படாமல் மொத்தக் குழம்பும் கறுத்தது. பித்தளையில் இருக்கும் செம்பைக் கண்டால் வெள்ளி சும்மா இருக்காது என்பது நான் வருஷாவருஷம் பாடம் நடத்தும் விஷயம், அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. கதவுக்கு வெளியே உன் வீட்டுக்காரர், "புரொபசர் மேடம், ராத்திரிக்கி இடியாப்பம் உண்டா இல்லியா?" என்று கேட்டார். அதன்பிறகுதான் இந்த எவர்சில்வர் அச்சு வந்தது.

சில்வர் நைட்ரேட் பட்டு உன் விரல்கள் எப்போதும் கறுத்தே இருந்தன. உறவுக்காரக் கல்யாணத்தில் யாரோ விசாரித்தபோது, "புது மாடல் மருதாணி, விழுப்புரத்துல இப்போ இதான்," என்று சொல்லிவிட்டு நீ சிரிக்காமல் சாப்பிட்டதாகச் சொன்னார்கள்.

பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சுரண்டி, அதன்மேல் பூசலாம் என்று ஒரு குறுக்குவழி சொன்னேன். அதில் எதுவும் நன்றாக ஒட்டும். "அடியில அந்த எலும்புப் பசை கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்குமில்ல?" என்று கேட்டாய். இருக்கும். எனவே என் கல்லூரியில் யாரும் சீண்டாத பிளாஸ்டிக் ஷீட்டுகள், செமினாரில் விளக்கு வைத்துச் சுவரில் காட்டுவோமே அவை, உன்னிடம் வந்தன. உப்புத்தாளால் தேய்த்துப் பூசினாய். காய்ந்ததும் வற்றிய ஏரிபோல வெடித்து உரிந்தது. திரும்பப் பூசினாய்.

நான் திண்டிவனத்தில் தனியாக ஜெலட்டினில் ஒரு ஷீட் செய்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்பது என் பயிற்சி. தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் புங்கமரம், படத்தில் இலை இலையாகத் தெளிவாக விழுந்தது. நீ அதை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாய். "நல்லா வந்துக்குதுடி," என்றாய். உள்ளபடியே சந்தோஷமாகத்தான் சொன்னாய். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, "உனக்கு வேண்டியது வந்துடுச்சி. எனக்கு வேண்டியது இன்னும் வர்ல," என்றாய்.

அந்தக் கோடையில் உன் வீட்டு வெக்கையில் என் ஜெலட்டின் உறையவே மறுத்து ரசமாக நின்றது. உன் பாசி கல்லாக நின்றது. "பாத்தியா, உன் எலும்பு ஓடுது, என் பாசி நிக்குது!" என்று கரண்டியால் தட்டிக் காட்டினாய். உனக்குக் கிடைத்த ஒரே நல்ல படமும் அப்போதுதான். கொடியில் காயும் மூன்று துணிகள், மணலைத் தூவி வரைந்ததுபோல. மறுநாள் அதுவும் உரிந்துவிட்டது.

உன் மார்பு எக்ஸ்ரேயை உன் சென்டரிலேயே எடுத்தார்கள். ஃபிலிம் இல்லை, திரையில் ஒரே இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நீதான் என் பக்கம் திரும்பினாய். "இதுல இருக்கற எலும்பு என்னுது மட்டும்தான்டி." நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அதற்குப் பிறகு நீ குழம்பு கலக்கவில்லை.

இந்த வாரத்துக்கு வருகிறேன். என் அலமாரியில் ஜெலட்டின் டப்பா இருக்கிறது. கொஞ்சம் ஐஸ் வைத்துக்கொண்டால் நிச்சயமாக ஒரு படம் கிடைக்கும். உன் வீட்டுக்காரர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவார், வருகிறவர்களிடம் அவள் ஃபிலிம் என்று காட்டுவார். கடல்பாசியில் செய்தால் அநேகமாக அவருக்கு ஒன்றுமே கிடைக்காது. நாளைக்கு ஞாயிறு, அந்த நாள் திரும்ப வராது.

உன் கொள்கையை நான் ஏற்றுக்கொண்டவள் இல்லை. இன்று மதியம்கூட மீன் சாப்பிட்டேன். ஆனால் ஒரு புட்டியில் இருப்பது ஒன்று, அதன்மேல் ஒட்டிய பெயர் வேறு என்றால் எனக்குத் தூக்கம் வராது. உன் ஃபிலிம் என்று சொல்லவேண்டுமானால் அதில் எலும்பு இருக்கக்கூடாது. அது பக்தி இல்லை, லேபிள் சம்பந்தப்பட்ட விஷயம். மளிகைக் கடையில் கடல்பாசி வாங்கிவந்து, மதியம் கதவை அடைத்துக்கொண்டு, உன் அச்சில் பிழிந்து, அலசி, பூசினேன். பீரோவுக்குள் இருட்டில் காய்ந்துகொண்டிருக்கிறது.

இதை எழுதும் விரலின் நுனி கறுத்திருக்கிறது. நான் உன்னைவிட ஜாக்கிரதைக்காரி, கையுறை போட்டே வேலை செய்வேன். இன்று எப்படியோ போடாமல் விட்டுவிட்டேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது, விடை தெரிந்த கணக்கையும் இன்னொருமுறை போட்டுப் பார்க்கும் இந்தப் புத்திகெட்ட பழக்கம்தான்.

மறுநாள் நடந்தது இது.

உன் வீட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், அந்தப் பிளைவுட் கேமராவுக்கு எதிரே, உன் வீட்டுக்காரரைச் சாதக் குண்டானை ஒட்டி ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஃபிலிம் மந்தமானது, நூறு எண்ணும்வரை அசையக்கூடாது என்றேன். "கண்ணு சிமிட்டலாமா மேடம்?" என்றார். சிமிட்டலாம் என்றேன். சாப்பிட வந்தவர்கள் எண்ணிச் சொல்ல ஆரம்பித்து, நாற்பதில் குழறி, திரும்ப முதலிலிருந்து எண்ணினார்கள்.

உன் குளியலறை ஜன்னலில் கறுப்புத் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. டெவலப்பர் கரைசலில் முதலில் குண்டான் தெரிந்தது, பிறகு அவர் தோள், பிறகு முகம். படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரில் ஒரு மூலை தூக்கியது. சில நிமிடங்களில் படலம் மொத்தமும் பாலாடைபோலக் கழன்று மிதந்தது. கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன். அவர் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைத் துடைத்து அதன் அடியில் மெதுவாக நுழைத்துத் தூக்கினார். காதோரம் கொஞ்சம் கிழிந்தது.

"ஒட்டலியா?"

"ஒட்டல."

"படம்?"

"படம் இருக்கு."

தட்டைக் கூடத்து மின்விசிறியின் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பந்தி முடிந்து பாத்திரம் கழுவ வந்த பெண் அதற்கும் கையை நீட்டினாள்.

"அது வேணாம்மா," என்றார். "அதுல ஆளு இருக்குது."