நெடுந்துறை ஓடக்காரர் காரியின் பெயரை மீட்க விடுத்த ஓலை

நலம் பெருகுக. குன்றில் மழையும் ஆற்றில் நீரும் குறையாதிருக்க. மருதவரை நாட்டைக் காத்தருளும் செங்கேழ்மாதேவியார், ஆற்றுக்கு அப்பால் குறும்பொறை நாட்டை அறம் வழுவாது ஆண்டுவரும் வேள் எழினியார்க்கு விடுத்தருளும் ஓலை. தங்கள் கோட்டையும் குடியும், கன்றும் கழனியும் இனிதிருக்க வேண்டுமென்று தேவியார் முதற்கண் வாழ்த்துகின்றார். வரியும் எல்லையும் குறித்து எழுதும் ஓலை அன்று இது. தங்கள் நாட்டில் தஞ்சம் புகுந்திருக்கும் காரி என்னும் ஓடக்காரர்க்கு இந்நாட்டில் இழைக்கப்பட்ட தீங்கைச் சொல்ல வந்தது. ஆதலின் தாங்கள் இதனை அவையில் உரக்கப் படிக்கச் செய்து கேட்டருள வேண்டும்.

தலைநகரின் சொற்பள்ளியில் கொற்றியார் என்னும் ஆசிரியை பல்லாண்டாகக் கற்பித்து வருகின்றார். எழுத்தறிந்த சிறுவர் சிறுமியர்க்குக் கதை புனையவும், கேட்பார் மனம் மாறும்படி விண்ணப்பம் வரையவும் பயிற்றுவது அவர் பணி. வாய் திறக்க அஞ்சும் குடிகளின் குறையை நாளை எழுதித் தரப்போகின்றவர்கள் அப்பிள்ளைகளே என்பதால் தேவியார் அப்பணியைப் பெரிதாக மதித்திருந்தார்.

சென்ற கார்காலத்தில் கொற்றியார் ஒரு பயிற்சி கொடுத்தார். நடவாத கொடுமை ஒன்றை நடந்ததாகப் புனைந்து, அரசிக்கு விண்ணப்பமாக எழுத வேண்டும். படிப்பவர் நெஞ்சு பதற வேண்டும். ஆற்றோரச் சிற்றூரிலிருந்து வந்து பயிலும் எயினி என்னும் சிறுமி, வெள்ளத்தில் ஓடத்தைப் பற்றிக்கொண்ட தாய் ஒருத்தியின் கையை ஓடக்காரன் துடுப்பால் அடித்து விலக்க, அவள் மூழ்கிப்போனதாக எழுதினாள். ஓடக்காரனுக்குப் பெயரில்லை, துறைக்கும் பெயரில்லை. கொற்றியார் படித்துப் பார்த்து, எழுத்து நன்றென்றும், பெயரும் ஊரும் இல்லாத குற்றம் எவர் நெஞ்சிலும் தைக்காதென்றும், மெய்யான பெயர் ஒன்றை வைக்க வேண்டுமென்றும் சொன்னார். எயினி அறிந்த ஓடக்காரர் ஒருவரே. பள்ளிக்கு வரும்போதெல்லாம் தன்னை ஏற்றிவந்த நெடுந்துறைக் காரியின் பெயரை எழுதினாள். அந்த ஒரு மாற்றத்தில் ஓலை முழுதும் உயிர்பெற்றுவிட்டதைக் கண்டு கொற்றியார் பூரித்துப்போனார்.

பூரிப்பு அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. விண்ணப்பம் வாங்கும் அதிகாரி பூதனாரிடம் அவ்வோலையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாணவி எழுதிய கதை என்று சொல்லவில்லை. அவர் நம்புகிறாரா என்று பார்க்க ஆசைப்பட்டார். மறுநாள் சொல்லிச் சிரிக்கலாம் என்று எண்ணியிருந்தார். மறுநாள் விடிந்ததும் பூதனார் அதை அவையேற்றிவிட்டார்.

ஓலை படிக்கப்பட்டபோது கொற்றியார் அவையில்தான் இருந்தார். தேவியார் கண்கலங்கினார், படைத்தலைவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது தம் நெஞ்சில் முதலில் எழுந்தது பெருமைதான் என்று கொற்றியார் பின்னர்த் தேவியாரிடம் சொன்னார். அச்சம் அதற்கப்புறமே வந்தது. இதோ எழுந்து சொல்லிவிடலாம் என்று நினைக்க நினைக்கச் சொல்வது கடினமாயிற்று. அதற்குள் தண்டனை உரைக்கப்பட்டுவிட்டது: ஓடத்தைக் கொளுத்துக, காரியை நாடு கடத்துக. அந்தத் தாய் யார், கண்டவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. தேவியாரும் கேட்கவில்லை. இதை மறையாமல் எழுதவேண்டும் என்பது தேவியார் ஆணை.

அதன்பின் கொற்றியார் பள்ளிக்கு வந்தார், போனார். உடல் நலமில்லை என்று பூதனாரைப் பார்க்காமல் தவிர்த்தார். ஓடம் ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்த ஆற்றிலும் பிழைப்பு உண்டு என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். மாணவர்க்குப் புதிதாக எதையும் எழுதக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. பழைய ஓலைகளைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டுச் சாளரத்தருகே நின்றிருப்பார்.

அறுவடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்ட எயினி, துறையில் ஓடத்தைக் காணாமல் அங்கிருந்தோரைக் கேட்டாள். கொலைகாரன் ஓட்டிய ஓடத்திலா இத்தனை நாள் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினோம் என்று பெண்கள் அரற்றினார்கள். காரியின் மனைவி வெள்ளை, தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கேட்ட பேச்சைத் தாங்காமல் கணவன் புகுந்த நாட்டுக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். எயினி வீட்டுக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பிக் கொற்றியார் முன் நின்றாள்.

அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதச் சொல்லித் தேவியார் பணித்தார்: “அவரு யாரையும் அடிக்கல, அம்மா. அவரு கையில அப்பிடி ஒரு துடுப்பக் குடுத்தது நான்தானே?”

அதற்குக் கொற்றியார், “நீ இல்ல. பேரு வைக்கச் சொன்னது நான். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்ததும் நான்” என்றார். அன்றே அவை கூடியிருக்கும்போது தாமே வந்து, தேவியாரிடம் நடந்ததனைத்தும் சொன்னார்.

தேவியார் உடனே தண்டனையை நீக்கி, காரி திரும்பி வரலாம் என்று ஓலை விடுத்தார். தூதுவன் தங்கள் நாட்டெல்லையில் அவரைக் கண்டு படித்துக்காட்டினான். காரி வர மறுத்தார். அவர் மறுமொழி இது: “என் பேரு ஓலையில கெட்டுப்போச்சு. இன்னொரு ஓலை வந்தா சரியாயிடுமா? எங்க சனம் அதப் படிக்கப்போறதில்ல. சொன்னவங்க துறைக்கு வந்து வாயால சொல்லட்டும்.”

தேவியார் அது நியாயம் என்றார். துறையில் நின்று சொல்லும் கடமை கொற்றியார்க்கு இடப்பட்டது. அவர் சொல்லவேண்டியதை எழுதிக்கொள்ள அமர்ந்தார். எழுதினார், கிழித்தார், மீண்டும் எழுதினார். ஒருவழியாக முடித்ததை எயினியிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு, “நல்லா இருக்கும்மா. கேக்கறவங்க எல்லாரும் உங்களுக்காக அழுதுருவாங்க” என்றாள்.

அதைக் கேட்ட கொற்றியார் ஓலையை அடுப்பில் இட்டார். வெறுங்கையோடு தேவியாரிடம் வந்து, தம்மால் எழுத முடியவில்லை, எதை எழுதினாலும் அது தமக்கே வக்காலத்து வாங்குகிறது என்று சொல்லி அழுதார். எழுதாமலே போகட்டும் என்று தேவியார் பணித்தார். செய்ததைச் செய்தபடி, துறையில் எவரும் கேட்கும் குரலில், கொற்றியார் சொல்வார். கேளாமல் தண்டித்த பிழையைத் தேவியாரும் அவ்விடத்திலேயே நின்று சொல்வார்.

ஆதலின் வேள் எழினியார் அறிக. வரும் மாசிச் சந்தை நாளில், இருகரை மக்களும் கூடும் நேரத்தில் இது நடக்கும். காரியையும் வெள்ளையையும் தங்கள் காவலோடு துறைக்கு அனுப்பியருள வேண்டும். எரித்த ஓடத்துக்கு ஈடாகப் புதிய ஓடம் ஒன்று கரையில் இருக்கும். அதை அவர்கள் ஏற்றாலும் மறுத்தாலும் அவர்கள் விருப்பம். அங்கேயே தங்க விரும்பினால் எவரும் வற்புறுத்தலாகாது. எயினியை எவரும் ஒரு சொல் கடியலாகாது. இனி இந்நாட்டில் பெயர் சுட்டப்பட்டவரை நேரில் அழைத்துக் கேளாமல் எந்த விண்ணப்பத்தின் மேலும் தண்டனை இல்லை.

அவர்கள் மன்னிக்க வேண்டும் என்று இவ்வோலை கேட்கவில்லை. வந்து, இறுதிவரை நின்று கேட்டால் போதும்.

தேவியார் திருவாய்மொழிய, அரசோலை எழுதும் திருமந்திர ஓலை அரும்பன் எழுத்து. நாரை முத்திரை இட்டு விடுத்தது. கேளாமல் தண்டிக்கலாகாது என்னும் இக்கட்டளை, அதை இட்டவர்மேலேயே முதலில் செல்வதாகுக.