திருவிருந்து நாளின் தாழ்ப்பாள்

மார்ச் 4, செவ்வாய்

இந்த மாதப் பரிசோதனைப் பட்டியல் வந்தது. தீப்பாதுகாப்புப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பட்டியலைப் பார்த்து எனக்கு வியர்த்தது இன்றுதான். இரண்டு பள்ளிகள், ஒரு திரையரங்கு, ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலை, அப்புறம் எங்கள் சபை! என் மாமனார் மூத்த மூப்பராக இருக்கிற, நான் வாராவாரம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சங்கீதம் பாடுகிற அதே பிரஸ்பிட்டேரியன் சபை, மூப்பர்கள் குழுவாகக் கூடி நடத்தும் கிறிஸ்தவக் கோயில்.

உறவு இருக்கிறது என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். "நல்லதும்மா, மின்னலை அனுப்பிடுவோம்" என்றார். மின்னல் என்பது என் சக பரிசோதகருக்கு நாங்கள் வைத்த பெயர். எந்தக் கட்டடமானாலும் அவருக்குப் பத்து நிமிடம் போதும்.

தப்பித்தோம் என்று ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

மின்னல் போய் வந்துவிட்டார். "உங்க கோயில் பிரமாதம். வாசல் நல்ல அகலம், கதவு வெளிப்பக்கமாத் திறக்குது. குறையே இல்ல."

குறை இருக்கிறது. வருடத்தில் நான்கு ஞாயிறு மட்டும் இருக்கிறது. திருவிருந்து நாளில், மேசையில் கிறிஸ்துவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வைத்ததும், மாமா எழுந்து போய் உள்ளே இரும்புத் தாழ்ப்பாளைப் போடுவார். அதில் ஒரு பூட்டையும் மாட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். உள்ளே எண்பது பேர். வாசல் ஒன்றே ஒன்று. சன்னல்களுக்கெல்லாம் கம்பி.

வேலை நாளில் போன மின்னலுக்கு இது எப்படித் தெரியும்? தாழ்ப்பாள் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். அரசாங்கத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக ஊரெல்லாம் போய்ப் பூட்டைக் கழற்றச் சொன்னவள், இந்தப் பூட்டுக்குள் உட்கார்ந்து அப்பம் வாங்கியிருக்கிறேன். ஒரு தடவையாவது உறைத்ததா? கோயிலுக்குள் போகும்போது மூளையைச் செருப்போடு வெளியே விட்டுவிடுவேனா?

மார்ச் 7, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். மாமா கரண்டியைக் கீழே வைத்தார்.

அந்தத் தாழ்ப்பாளின் கதை எனக்கும் தெரியும். முன்னொரு காலத்து அரசு, சபையில் என்ன ஜெபம் சொல்ல வேண்டும் என்று தானே எழுதிக் கொடுத்ததாம். எங்கள் ஆட்கள் மறுத்தார்களாம். வாசலில் சிப்பாய்கள் நிற்க, உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் திருவிருந்துப் பந்தியில் உட்கார்ந்தார்களாம். அதிலிருந்து அது வழக்கம்.

"கிறிஸ்து சபைக்கு மட்டும் ராஜா இல்லம்மா. அரசாங்கத்துக்கும் அவர்தான் ராஜா. அதை அது வாயைத் திறந்து ஒத்துக்கிற வரைக்கும் நான் ஓட்டுப் போடறதில்லைன்னு இருக்கேன். அது வந்து அவரோட பந்தியில கதவை எப்படிச் சாத்தணும்னு எனக்குச் சொல்லுமா?"

"அரசாங்கத்துக்கும் அவர்தான் ராஜான்னா, ஜனங்க சாகாம இருக்க அது போட்ட விதியும் அவர் விதிதானே மாமா?"

அத்தை இருமினார். என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவர் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை.

மார்ச் 8, சனி

மாமா என்னோடு பேசுவதில்லை. "டேய், உப்பு எங்கன்னு அவளைக் கேளுடா." நான் ஒரு முழ தூரத்தில் நிற்கிறேன். இவர் என்னிடம் கேட்டு, நான் இவரிடம் சொல்லி, இவர் அவரிடம் சொல்லி... உப்பு அவர் எதிரிலேயே இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகரைப் பிடித்தேன். பாவம், மென்று விழுங்கினார். "என் கையில என்னம்மா இருக்கு? எனக்கும் ஒரே ஓட்டுதான். மூப்பர் குழுவுக்கு எழுதிக் கொடுங்க." எங்கள் சபை வழி அதுதான். கோயிலே பற்றி எரிந்தாலும் முதலில் ஒரு குழு போட்டு, பிறகுதான் தண்ணீர் வாளி தேடுவோம்.

எழுதிவிட்டேன். ஏப்ரல் 6 திருவிருந்து. அதற்குள் பூட்டைக் கழற்றாவிட்டால் அலுவலகத்துக்கு எழுதுவேன் என்றும் எழுதினேன். எழுதினால் கோயிலுக்குச் சீல், குறைந்தது ஆறு மாதம். மாமா மூப்பர் பொறுப்பையே விட்டுவிடுவேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். எழுதாவிட்டால், ஏதோ ஒரு ஞாயிறு, வாசல் பக்கத்திலிருக்கும் அந்தப் பழைய மின்பலகை...

பயமாகத்தான் இருக்கிறது. என்னை மகள் மாதிரி வைத்திருக்கிற மனுஷன் அவர்.

மார்ச் 13, வியாழன்

கோயிலின் தீப்பாதுகாப்புச் சான்றிதழில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மேலாளரிடம் கேட்டுக்கொண்டேன். "ஏன்?" "ஏப்ரலுக்குள்ள சொல்லிடறேன் சார்." கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 19, புதன்

மூப்பர் குழு கூடியது. ஐந்து மூப்பர்கள், மூன்று மணி நேரம், இரண்டு பொட்டலம் பிஸ்கட். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

போதகர் மெதுவாக ஆரம்பித்தார்: "தகுதியில்லாதவங்க கை வைக்காம பந்தியைக் காக்கறது கட்டளை. சரி. பூட்டு கட்டளையா?" மாமா விடவில்லை. "பூட்டைக் கழட்டச் சொல்றவங்க நாளைக்குப் பாட்டை நிறுத்தச் சொல்வாங்க. அன்னைக்கு என்ன சொல்வீங்க?" நியாயமான கேள்விதான். "அன்னைக்கு நானும் உங்க கூட நின்னு பாடுவேன் மாமா" என்றேன்.

பிறகு மாமாவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "ஆபத்துன்னா ஒரு நிமிஷத்துல திறந்துட மாட்டேனா? வேணும்னா சோதிச்சுப் பாருங்க!"

முன்மொழிந்து, வழிமொழிந்து, நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சோதனை. நேரம் பார்ப்பவர் ரொட்டிக்கடை மூப்பர், ஏனென்றால் நிமிடக் கணக்கு அவருக்குத்தான் தொழில்.

மார்ச் 22, சனி

நாற்பது பேர் வந்தார்கள், ஏதோ நாடகம் பார்க்க வருகிற மாதிரி. அத்தை முழங்கால் வலியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மாமா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையே போட்டுக்கொண்டு வந்து தாழ்ப்பாள் போட்டார், பூட்டினார், தன் இடத்தில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு மணி, வெளியே இருட்டிவிட்டது. சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு நான் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

ரொட்டிக்கடை மூப்பர் சத்தமாக எண்ணத் தொடங்கினார். மாமா எழுந்து நடக்கும் சத்தம். யாருடைய காலையோ மிதித்து மன்னிப்புக் கேட்கும் சத்தம். சாவி உரசும் சத்தம். பிறகு சாவி கீழே விழுந்தது. இருட்டில் குனிந்து தரையைத் தடவுகிறார். இருபது வருடமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தன் கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

நூற்றிருபது. நூற்று முப்பது. சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது முதல் வரிசையிலிருந்து அத்தையின் குரல், சாதாரணமாக, வீட்டில் கேட்பது போல:

"என்னங்க, திறந்தாச்சா?"

மாமாவின் கை தரையை இன்னும் வேகமாகத் தடவும் சத்தம்.

மூன்று நிமிடம் பத்து விநாடி. கதவு திறந்து தெருவிளக்கு உள்ளே வந்தபோது அவர் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் சமையலறைக்கு வந்தார். இவர் தூது போகத் தயாராக எழுந்து நின்றார். "நீ உட்காருடா" என்றார் மாமா.

"அவ கேட்டப்ப என்கிட்ட பதில் இல்லம்மா."

"மாமா, நான் வந்து..."

"இரு. அன்னைக்குக் கதவுக்கு வெளிய சிப்பாய் நின்னான். ராஜாவுக்காகத் தாழ்ப்பாள் போட்டாங்க, சரி. இப்ப வெளிய யாரு நிக்கறா? உள்ள இருக்கறவங்கதான் அவரோட ஜனம். அவரோட ஜனத்தை அவர் பேரைச் சொல்லி நானே பூட்டி வச்சிருக்கேன்." கொஞ்ச நேரம் காப்பியை ஆற்றினார். "உன் அரசாங்கம் தனக்கே தெரியாம அவருக்கு ஊழியம் செய்யுது போல. அதுக்காக என்னை ஓட்டுப் போடக் கூப்பிடாத."

"கூப்பிடல மாமா."

"உப்பு எங்க வச்சிருக்க?"

காப்பிக்கு எதற்கு உப்பு? என்னிடம் நேரே ஏதாவது கேட்க வேண்டும் என்றிருந்திருக்கிறது அவருக்கு. அழுகை வந்துவிட்டது எனக்கு. எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 26, புதன்

தீர்மானம்: தாழ்ப்பாளும் பூட்டும் கழற்றப்படும். திருவிருந்து நேரத்தில் ஒரு மூப்பர் கதவருகே நிற்பார். பந்திக்குக் காவல் இனி இரும்பு இல்லை, ஆள். யார் நிற்பது என்று பேச்சு எழும்புமுன் மாமா கையைத் தூக்கிவிட்டாராம்.

மின்பலகையை மாற்றுவதற்குத் தனியாக ஒரு குழு. வேறென்ன.

ஏப்ரல் 1, செவ்வாய்

மேலாளரிடம் முழுக் கதையையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பதினோரு வருஷமா நீங்களும் உள்ளதான் உட்கார்ந்திருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

வாசலுக்குப் பொறுப்பாளர் என்று ஒரு படிவம் உண்டு. வாழ்நாள் முழுக்க அரசாங்கத் தாளைத் தொடவே யோசித்த மாமா, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அதை அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். 'யாருடைய அதிகாரத்தின் கீழ்' என்ற இடத்தில், 'கர்த்தராகிய இயேசு கிறிஸ்து.'

மேலாளர் இரண்டு முறை வாசித்தார். "இவர் எந்தத் துறையில வர்றாரும்மா?"

"எல்லாத் துறையும் சார். நம்மதும் சேர்த்து."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப மேல அனுப்ப வேண்டாம்" என்று முத்திரையைக் குத்தினார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று மூன்றாவது வரிசையில் உட்காரவில்லை. கடைசி வரிசையில், கதவுப் பக்கம் உட்கார்ந்தேன். மாமா கோட்டும் கண்ணாடியுமாக முழு நேரமும் நின்றார். அப்பத்தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி என்னிடம் வந்தது. நான் எடுத்துக்கொண்டு எழுந்து அவரிடம் நீட்டினேன்.

எடுப்பதற்கு முன் குனிந்து கிசுகிசுத்தார். "கதவு திறந்துதான் இருக்கு. வேணும்னா தள்ளிப் பாரு."

"உள்ள வரும்போதே பார்த்துட்டேன் மாமா."

அவர் சிரிப்பை அடக்கியதில் என் கையிலிருந்த தட்டு ஆடியது.