மோட்டார் முனையில் நூற்று அறுபத்தைந்து வோல்ட்

நெல்லிவாசல்,
ஜவ்வாது மலை.

அன்பு மகள் சிவசங்கரிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கோயம்புத்தூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும், ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. மழை விட்டுவிட்டது, சாமை அறுப்பு முடிந்து எல்லாம் பாறைக்களத்துக்கு வந்துவிட்டது, அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இதைப் பேச்சில் சொல்ல எனக்கு வராது, நடுவில் கோபப்பட்டு வேறு எங்கேயோ போய்விடுவேன். அதனால்தான் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மகளிர் குழுவின் சாமை மில் மோட்டார் புகைந்து நின்றதும், அதை ஓட்டிய கலைவாணி சித்திதான் காரணம் என்று நான் சொன்னதும் உனக்குத் தெரியும். எப்படிச் சொன்னேன் என்பது தெரியாது. குழுவில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, டிப்ளமோ படித்தவன் என்ற திமிரில் கணக்கு எழுதிக் காட்டினேன். வோல்ட் இருநூற்று முப்பது, மோட்டார் தகட்டில் கரண்ட் ஒன்பது, பெருக்கினால் இரண்டாயிரத்து எழுபது வாட், இதற்குள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது, இவள் மில்லின் வாய் நிறையத் தானியத்தை அடைத்திருக்கிறாள் என்றேன். அவள் எழுந்து, இன்னா மாமா இப்டி சொல்றீங்க, நான் கைப்பிடி கைப்பிடியாதான போட்டேன் என்றாள். மெஷினுக்குக் கைப்பிடியெல்லாம் தெரியாது, நீ உட்கார் என்றேன். குழுத் தலைவி சின்னக்குழந்தை அக்கா மில் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் களத்துப் பக்கமே வரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வண்டி அடுத்த வாரம் ஆலங்காயத்திலிருந்து போகிறதாம், அதில் பெயர் கொடுத்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். அம்மா அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். மோட்டார் ஓடறப்ப அளந்தியாப்பா என்று. முதல் வருஷத்திலேயே எனக்குப் பாடம் எடுக்கிறாயா, ஓம் விதியை ஒழுங்காகப் படி என்று கத்திவிட்டு வைத்தேன். நான் அளந்திருந்தேன். மில்லைப் பொருத்திய அன்றைக்கே மோட்டார் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தேன், இருநூற்று இருபதுக்கு மேலே காட்டியது. மோட்டார் ஓடாதபோது அளந்தேன். கரண்ட் போகாத ஒயரில் வோல்ட் எப்படிக் குறையும்? உன் வகுப்பில் யாராவது இப்படிச் செய்தால் வாத்தியார் எழுப்பி நிற்க வைப்பார்.

உள்ளே கருகிய கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுக் காயில் கட்டிக்கொண்டு வந்த மோட்டாரைத் திரும்ப மாட்டி, நானே அரை வாய்தான் போட்டு ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. அப்போதுதான் ஓடும்போதே அளந்தேன். கம்பத்தடியில் இருநூற்றுப் பதினைந்து, களத்தில் மோட்டார் முனையில் நூற்று அறுபத்தைந்து, கரண்ட் பன்னிரண்டு. ஐம்பது வோல்ட் வழியிலேயே போய்விட்டது. ஐம்பதைப் பன்னிரண்டால் வகுத்துப் பார், ஒயரின் தடை நாலு ஓமுக்குச் சற்று மேல். ஐம்பதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார், அறுநூறு வாட், அவ்வளவும் மரக்கிளைகளில் தொங்கும் ஒயரைச் சூடாக்கத்தான் போகிறது. சாமையை அடித்துக் காயவைப்பது பாறையில்தானே, மில்லும் அங்கேயே இருக்கட்டும் என்று பெண்கள் கேட்டார்கள். அவ்வளவு தூரத்துக்கு வீட்டுக்குள் இழுக்கிற மெல்லிய ஒயரைப் போட்டவன் நான். வோல்ட் குறைந்தால் கரண்ட்டும் குறையும் என்று நீ படித்திருப்பாய், ஹீட்டருக்கு அது சரி. மோட்டார் அப்படி இல்லை, அதற்கு இழுக்கிற வேலை அப்படியே இருக்கிறது, வோல்ட் கிடைக்காவிட்டால் கரண்ட்டைக் கூடுதலாக வாங்கி உள்ளே வெந்துபோகும். சித்தி கைப்பிடியாகப் போட்டாலும் வெந்திருக்கும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு கலைவாணி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, இதை இங்க சொல்லாதீங்க மாமா, எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்று குழு கூடியது. மீட்டரைக் கொண்டுபோய் எல்லாரையும் வைத்துக்கொண்டு அளந்து காட்டினேன், ஒயர், தடை, வாட் என்று விளக்கினேன், தடித்த அலுமினிய ஒயர் வந்தால் சரியாகிவிடும் என்றேன். ஒருத்தி, யோவ் ரஞ்சித்து, எங்களுக்கு கரண்ட் பாடமா வேணும், சோறாக்க அரிசி வேணும்யா என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். கலைவாணி சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் நின்றுகொண்டு, ஒயர் மேல தப்புன்னீங்க, சரி, என் மேல தப்பு இல்லன்னு இன்னும் உங்க வாய்ல வரல மாமா என்றாள்.

சங்கரி, அத்தனை எண்ணும் சொன்னவனுக்கு அது வரவில்லை. பிறகு சொன்னேன். கலைவாணி மேல் தப்பில்லை, நான்தான் பார்க்காமல் பழி போட்டேன் என்று. சின்னக்குழந்தை அக்கா உடனே சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. யோசிச்சு சொல்றேங்க்கா என்று இறங்கிப் போய்விட்டாள். திருப்பூர் வண்டி அடுத்த வெள்ளிக்கிழமை.

இதற்குள் நீ அவளிடம் பேசுவாய், தெரியும். பேசு. ஆனால் இருக்கச் சொல்லிக் கேட்காதே. நீ கேட்டால் உனக்காக இருந்துவிடுவாள், அதில் தப்பித்துக்கொள்வது நான். போவதென்றால் போகட்டும், ஆலங்காயம் வரை நானே பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிடுகிறேன். இருப்பதென்றால் அவளாக இருக்கட்டும்.

நன்றாகப் படி, உன் மேல் கத்தியதையும் மன்னித்துவிடு. லேபில் ஈரக் கையோடு எதையும் தொடாதே. எல்லாச் சாமியும் உனக்குத் துணையிருக்கட்டும். அம்மாவுக்காவது ஒரு போன் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரஞ்சித்குமார்.