முன்சீட்டில் உரமூட்டை

மார்ச் 4

நர்சரிச் செடிகளைக் கடைகளில் இறக்கப் போகும்போது இன்றுதான் முதல்முறையாக நாத்தனாரைக் கூட அழைத்துப் போனேன். இதுவரை முன்சீட்டில் என் கைப்பைதான் உட்காரும். தெருமுனை தாண்டவில்லை, பிக்கப் வண்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினாள், கிளம்பியது. ஏறினாள், நின்றது. கடைசியில் அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். போகவர ஜம்மென்று ஓடியது, சனியன்.

அவள் நடந்தே வீடு வந்து சேர்ந்திருந்தாள். முகம் இவ்வளவு நீளம். “நான் வர்றது பிடிக்கலன்னா வாயத் திறந்து சொல்லலாமே அண்ணி.”

அடிப்பாவி, நான் என்ன பண்ணேன்?

மார்ச் 6

மெக்கானிக் ஃபில்டர் மாற்றித் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். “குதிரை மாதிரி போகுதுக்கா!” நாத்தனார் ஏறினாள். குதிரை படுத்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், காதைச் சொறிந்துகொண்டார்.

மார்ச் 7

மாமியாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “புருஷன் வேணாம்னு இவ வந்து நின்ன நாள்லேர்ந்து இந்த வீட்ல எது உருப்பட்டுச்சு? இப்ப வண்டியும்.” பெத்த பெண்ணைத்தான் சொல்கிறார்! என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் மனசுக்குள் அதையேதானே நினைத்தேன்?

மார்ச் 9

ஃப்யூயல் பம்ப்பும் மாற்றியாச்சு. அதே கதை.

மார்ச் 11

காலையிலேயே நாத்தனார் கொட்டகையிலிருந்து ஓர் உரமூட்டையைத் தூக்கிவந்து முன்சீட்டில் உட்காரவைத்தாள். பெல்ட் வேறு மாட்டிவிட்டாள். “இப்ப ஓட்டுங்க அண்ணி.”

ஓட்டினேன். கேட்டைத் தாண்டவில்லை, நின்றது.

வாசற்படியில் மாமியார். அவரிடம் திரும்பி நிதானமாகக் கேட்டாள்: “மூட்டையும் புருஷன விட்டுட்டு வந்துருச்சாம்மா?”

சிரித்த சிரிப்பில் என் தலை ஸ்டியரிங்கில் மோதி ஹாரன் அடித்தது.

மெக்கானிக் வந்து சீட்டைக் கழற்றினார். பம்ப்புக்குப் போகும் ஒயர் அடியில் உள்ளுக்குள்ளேயே அறுந்து தொட்டும் தொடாமலும் கிடந்தது. அந்தச் சீட்டில் பாரம் ஏறினால் அது அழுத்தி, ஒயர் விலகி, பம்ப் நின்றுவிடும். “நான் தனியாவே ஓட்டிப் பாத்தேன்ல...” என்று இழுத்தார். ஆமாம், ரெண்டு தடவையும்!

மார்ச் 12

மாமியாரிடமிருந்து மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் வரவில்லை. மகள் தட்டில் மட்டும் கேட்காமலே குழம்பு விழுந்துகொண்டிருந்தது. அவளும் போதும் என்று சொல்லவில்லை.

ஜூன் 20

மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். நான் சாவியை எடுத்தேன்.

“நீ வை. நீ பிரேக் போட்டா எனக்குக் குடலே வாய்க்கு வருது. அவதான் லைசென்ஸ் வாங்கிட்டாளே, அவ ஓட்டட்டும்.”

சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாத்தனார் கண்ணாடியைச் சரிசெய்தாள். நான் வாசலில் நின்று கையாட்டினேன். இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.