வடக்குச் சுவரில் பூசிய சிமெண்டு

1987, மார்ச் 3

வடக்குச் சுவர் இன்னும் ஒரு விரல்கடை இறங்கிவிட்டது. சமையலறைக் கதவை இடித்துத்தான் மூட வேண்டியிருக்கிறது. நானூறு வருஷம் நின்ற வீடு. என் கொழுந்தன் பெர்சி ஒரே வாரத்தில் கொன்றான். 1953, மே மாதம். மரச்சட்டத்துக்கு நடுவே களிமண்ணும் சுண்ணாம்புமாக இருந்த சுவரில் சிமெண்டு பூசினான். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. அன்றோடு அவனிடம் பேச்சை விட்டேன். தேவாலயத்தில்கூட அவன் பக்கம் திரும்புவதில்லை.

மார்ச் 5

மருமகள் மோரீன், நாங்கள் குடிபோகப் பார்த்து வைத்திருக்கும் புது வீட்டின் படங்களைக் காட்டினாள். "அங்க படியே இல்ல அத்தை. குளிரே தெரியாது." தீப்பெட்டிக்குள் கிடக்கும் குச்சிக்கும்தான் குளிர் தெரியாது.

மார்ச் 9

தர்லோ என்கிற தச்சன் வந்தான். சுவரின் அடியில் படுத்திருக்கும் ஓக் விட்டத்தில் கத்தியைச் செருகினான். பிடிவரை போனது. உள்ளே மூக்குப்பொடியாக உளுத்திருக்கிறது. மேலே இருக்கும் மரச்சட்டமெல்லாம் இரும்பு மாதிரி உறுதியாம். அதைச் சொல்ல இவன் வேண்டுமா?

பதினாறடிக்கு நன்றாகக் காய்ந்த பழைய ஓக் வேண்டும், பச்சை மரம் சுருங்கி மூட்டுகளை இழுத்துவிடும் என்றான். மரம் கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு மோரீனின் தீப்பெட்டிக்குப் போவதுதான் என்று மகன் லெனார்ட் சொல்லிவிட்டான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "சித்தப்பா கொட்டகையில ஒண்ணு கெடக்கும்மா" என்றான்.

பெர்சியின் மரமா? வீடு விழட்டும் என்றேன்.

மார்ச் 10

விழட்டும் என்றால் விழட்டும்.

மார்ச் 16

மரம் கிடைக்கும் முன்பே, லெனார்ட் சொல்லி, சிமெண்டை உடைக்கிறார்கள். சுவர் மூலையில் நிற்கும் மழைத்தண்ணீர்ப் பீப்பாயை நகர்த்தக் கூடாது என்றேன். தர்லோ கேட்கவில்லை, நகர்த்தினான். பின்னால் சிமெண்டில் ஒரு கை பதிந்திருந்தது. சுண்டுவிரல் பாதிதான்.

தர்லோ என் கையைப் பார்த்தான். வைக்கோல் வெட்டும் இயந்திரம் தின்ற என் விரலைப் பார்த்தான். சுத்தியலை எடுத்துக்கொண்டு சுவரின் மறுகோடிக்குப் போனான். அந்த அளவுக்குப் புத்தி இருக்கிறது.

மார்ச் 17

அந்தக் கையை மறந்துவிட்டேனா? நான் எதை மறந்தேன்?

அந்த மே மாதம், அரசியின் முடிசூட்டு விழாவுக்காக ஊரே வீட்டை மினுக்கியது. என் வீடு மட்டும் பல்லிளிப்பதா? பெர்சி சொன்னான் — "சுண்ணாம்பே போதும் அண்ணி, மரம் செத்துரும்." நான்தான் அவனைக் கோழை என்றேன், சோம்பேறி என்றேன், பூச வைத்தேன். கடைசி மூலையை நானே தேய்த்துக் கையையும் பதித்தேன். மறுவருஷமே உள்ளே பூஞ்சை பிடித்தது. பீப்பாயை அங்கே உருட்டி வைத்தவளும் நான்தான். இவ்வளவு நாள் எழுதவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 18

மரம் கேட்டு லெனார்டை அனுப்பினேன். அம்மா கேட்டாள் என்றே சொல்லச் சொன்னேன்.

மார்ச் 21

பெர்சி டிராக்டரில் மரத்தைக் கொண்டுவந்து இறக்கினான். கிழவனாகிவிட்டான், பல் போயும் இளிப்புப் போகவில்லை. உடைத்துப் போட்ட சிமெண்டுத் துண்டைக் காலால் புரட்டினான்.

"முப்பத்துநாலு வருஷமா அந்தப் பீப்பாய நீங்க நகர்த்தவே இல்லியே, அண்ணி."

அதன் பின்னால் என் கை இருப்பது தெரிந்தே இருந்திருக்கிறான். ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

உள்ளே வா என்றேன். தேநீர் கொடுத்தேன். அவனுக்கு மூன்று கரண்டி சர்க்கரை வேண்டும், நினைவிருக்கிறது.

ஒன்றுதான் போட்டேன்.