பினாங்கிலிருந்து வந்த இரண்டு படங்கள்

வல்லத்திராக்கோட்டை,
14-9-1938.

ஆரோக்கியத்தின் அப்பாவுக்கு அடைக்கலமேரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

முதலில் படங்கள். நான் என்ன கேட்டேன்? பாடப் புத்தகத்தில் சமுத்திரம் என்று ஒரு பாடம், புத்தகசாலை என்று ஒரு பாடம். இங்கே என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டையும் கண்டதில்லை. நீங்கள் பினாங்கில் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறீர்களே, பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி பாடத்துக்கொரு படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். கப்பல், அலை, மீன்வலை இருந்தால் போதும் என்றும் எழுதினேன். நீங்கள் அனுப்பியது என்ன? பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. கப்பலும் இல்லை, காக்காயும் இல்லை. இது கலைப்படம், பெயர் ‘மௌனம்’ என்று கடிதத்தில் விளக்கம் வேறு. நான் கேட்டது கடல். உங்கள் மௌனம்தான் எனக்கு நாலரை வருஷமாக வந்துகொண்டிருக்கிறதே!

சரி, வந்ததை வீணாக்குவானேன் என்று சுவரில் மாட்டினேன். கறுப்பாக இருப்பது மேகம் கட்டிய வானம், வெளுப்பாக இருப்பது தண்ணீர் என்று ஒரு வாரம் பாடம் நடத்தினேன். மீமிசல் கடற்கரையிலிருந்து கருவாடு கொண்டுவரும் மூக்காயி போன சந்தையன்று தண்ணீர் குடிக்கப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு, “என்னங்க டீச்சரம்மா, கடலைத் தலைகீழா மாட்டி வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் கடலைப் பார்த்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு ஓரத்தில் ‘மேல்’ என்று எழுதி அனுப்பினால் உங்கள் கலைக்கு என்ன குறைந்துவிடும்?

இங்கே ஊரும் சும்மா இல்லை. இந்த வருஷம் வருகிறேன், அடுத்த வருஷம் வருகிறேன் என்று மூன்று தடவை எழுதிவிட்டீர்கள். ஏன் வரவில்லை என்று ஒரு வரி கிடையாது. அங்கே இன்னொரு குடும்பம் வைத்துவிட்டார் என்று உங்கள் அண்ணன் வீட்டிலேயே பேசுகிறார்கள். கோயிலில் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். அந்தப் பரிதாபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி புத்தகசாலைப் படம். அதற்கும் ‘காத்திருத்தல்’ என்று ஒரு பெயர். ஒரு காலி நாற்காலி, பின்னால் கண்ணாடி அலமாரி. இதையாவது ஒழுங்காக நடத்தலாம் என்று என் வழக்கப்படி செய்தேன். படத்தைச் சிலேட்டின்மேல் வைத்துக் கைமாற்றி விடுவேன். ஒவ்வொருவரும் அதில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்லக் கூடாது.

நாற்காலி என்றான் ஒருவன். மடித்து அடுக்கிய ஜவுளி என்றான் இன்னொருவன். அது ஜவுளி இல்லை, புத்தகம் என்றேன். புத்தகத்தைப் பூட்டி வைத்தால் யார் படிப்பது என்று பக்கத்து வீட்டுப் பெரியண்ணன் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு உங்கள் விளக்கத்தில் பதில் இல்லை. இப்படியே பூட்டு, சாவித் துவாரம், தரையில் விழுந்த வெயில் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டார்கள். கடைசியில் உட்காருவது நம் ஆரோக்கியம். ஒன்றாம் வகுப்பு. அவளுக்குச் சொல்ல மிச்சம் ஒன்றும் இல்லை. படத்தை மூக்கு ஒட்டும்படி பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். அதை மறந்து, “அம்மா, கண்ணாடிக்குள்ள அப்பா நிக்கிறாக” என்றாள். “கக்கத்துல கட்டை வச்சிருக்காக” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். அலமாரிக் கண்ணாடியில் காமிரா தெரிகிறது. பக்கத்தில் நீங்கள், அவள் தினமும் பார்க்கும் நம் கல்யாணப் படத்தில் உள்ள மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு. இடது கக்கத்தில் ஊன்றுகட்டை. அதற்குக் கீழே நாற்காலி மறைத்துவிட்டது.

வகுப்பை முன்னதாகவே விட்டுவிட்டேன்.

காலுக்கு என்ன ஆயிற்று? எப்போது நடந்தது? யார் சோறு வடித்துப் போட்டார்கள்? இதை மறைத்துவிட்டா சுகம் சுகம் என்று எழுதினீர்கள்? நீங்கள் வராததற்குக் காரணம் இதுதான், வேறு குடும்பம் இல்லை என்று முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. இப்படி ஒரு நிம்மதி வந்ததே என்று என்மேலேயே ஆத்திரமாக இருக்கிறது. படத்தில் ஒரு தூசி விழுந்தாலும் திரும்ப எடுக்கிற ஆள் நீங்கள். கண்ணாடியில் உங்கள் உருவம் விழுந்தது தெரியாமலா அனுப்பினீர்கள்? தெரிந்துதான் அனுப்பியிருக்கிறீர்கள். எழுதக் கை வரவில்லை, அதனால் படமாக அனுப்பிவிட்டீர்கள். நான் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இன்னொரு கலைப்படமா?

இனிப் படம் ஒன்றும் வேண்டாம். அடுத்த கப்பலில் ஏறுங்கள். நடக்க முடியாது, ஊர் பார்க்கும் என்று யோசிக்க வேண்டாம். ஊர் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டது. நாகப்பட்டினத்துக்கு நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கடல் எது, வானம் எது என்று உங்களை இறக்கிக் கூட்டி வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு கால் இருக்கிறதோ, இரண்டு இருக்கிறதோ, இருப்பதை மாதா காப்பாற்றட்டும். கப்பல் வரும் தேதியை மட்டும் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

கோபம் தீராமல்,
உங்கள் அடைக்கலமேரி.